சோயா மட்டன் பாக்கெட்டின் பின்பக்கத்து நம்பர்

பாக்கெட்டில் அடைத்து விற்கிற எந்தச் சாப்பாட்டுப் பொருளாக இருந்தாலும், அதன் பின்பக்கத்தில், யாரும் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு அச்சடித்த மாதிரிப் பொடி எழுத்தில் ஒரு போன் நம்பர் இருக்கும். அதைக் கூப்பிட்டால் எடுத்து வணக்கம் சொல்கிற இனத்தைச் சேர்ந்தவள் நான்.

எங்கள் கம்பெனி புனேயில், போசரி தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. இந்தப் பக்கம் நட்டு போல்ட், அந்தப் பக்கம் கார் உதிரிபாகம், நடுவில் நாங்கள். சோயாவையும் கோதுமைப் புரதத்தையும் பிசைந்து வேகவைத்து, மட்டன் மாதிரி, சிக்கன் மாதிரி, கபாப் மாதிரி செய்து, உறையவைத்து ஊர் ஊராக அனுப்புகிறோம். ஓர் ஆடோ கோழியோ எங்கள் கேட்டைத் தாண்டியது கிடையாது. போன் அறையில் நான்கு பெண்கள். மராத்திக்கு, இந்திக்கு, கன்னடத்துக்கு என்று ஆளுக்கொரு மொழி. தமிழுக்கு ஐந்தை அழுத்த வேண்டும். அழுத்தினால் கோமதி, அதாவது நான்.

உங்களில் யாராவது போனில் பேசிச் சம்பளம் வாங்குகிறவர்களாக இருந்தால் என் கஷ்டத்தை விளக்க வேண்டியதே இல்லை. எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று கம்ப்யூட்டர் திரையில் எழுதி வைத்திருப்பார்கள். அதைத்தான் சொல்ல வேண்டும். பேசுவதெல்லாம் ரெக்கார்ட் ஆகும். சூப்பர்வைசர் மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு மார்க் போடுவார். எங்கள் மேடத்துக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆகவே எனக்கு எப்போதும் குரலின் இனிமைக்கு மட்டும்தான் மார்க்.

வருகிற கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். இது உடம்புக்கு நல்லதா? திரையில் இருக்கிற பதில் இப்படிப் போகும்: புரதம் நிறைந்தது, கொலஸ்ட்ரால் இல்லாதது, சமச்சீர் உணவின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளலாம், உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆனால் கிர்க்கியில் எங்கள் வீட்டில் என் மாமனார் இருக்கிறார். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். பி.பி.யும் உண்டு. மட்டன் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மட்டன் இல்லாமல் மாமா வாடிப்போனதைப் பார்க்கப் பொறுக்காமல், ஊழியர் விலையில் எங்கள் சோயா மட்டன் ஒரு பாக்கெட் வாங்கிப் போனேன். பிடித்துப்போயிற்று. இப்போது வாரத்தில் பாதி நாள் அதுதான், பி.பி.யும் இறங்குவதாகக் காணோம். தினமும் காலையில் மாமா போட்டுக் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுகிறேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. "நல்லதுங்களா?" என்று எந்த ஊரிலிருந்து யார் கேட்டாலும் எனக்கு அவர் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஆறு விசில்

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே, உங்கள் கறி கரைந்துபோய்விட்டது, வேறு பாக்கெட் அனுப்புங்கள் என்றார். எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குக் கறி வந்தால் என்னென்ன செய்வாரோ அத்தனையும் செய்திருக்கிறார். மஞ்சள் தூள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவியிருக்கிறார், கவிச்சி போக வேண்டுமாம். அப்புறம் உப்பும் மிளகாய்த்தூளும் தயிரும் தடவி ஊறவைத்திருக்கிறார். கடைசியாகக் குக்கரில் ஆறு விசில். திறந்து பார்த்தால் உள்ளே கஞ்சி.

அதில் கவிச்சியே கிடையாது, ஏற்கெனவே வெந்தது, உப்பும் மசாலாவும் நாங்களே சேர்த்திருக்கிறோம், கொதிக்கிற குழம்பில் போட்டு எடுத்தால் போதும் என்று சொன்னேன். உப்பு என்றதும் அந்த அம்மாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன தடவை வாங்கியபோது வீட்டுக்காரர் உப்புக் கரிக்கிறது என்றாராம். இவர் அவருடைய நாக்கைத்தான் குறை சொன்னாராம். இனிமேல் உப்புப் போடாமல் சமைத்துப் பாருங்கள் என்றேன். அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கழுவற வேலை, ஊறவெக்கற வேலை, வேகவெக்கற வேலை எல்லாத்தையும் நீங்களே பண்ணிப்போட்டீங்கன்னா, அப்பறம் நான் எதுக்குங்க சமையக்கட்டுல நிக்கறேன்?"

பச்சைப் புள்ளி

எங்கள் போன் அறையில் பருவ காலம் உண்டு. ச்ராவண் மாதம் பிறந்தால் புனேக்காரர்கள் பாதிப் பேர் கறி மீனை நிறுத்திவிடுவார்கள், மராத்தி லைன் ஓயாமல் அடிக்கும். அப்போது நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். புரட்டாசி பிறந்தால் என் முறை. தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. மராத்திப் பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

அப்படி ஒரு புரட்டாசியில் ஹிஞ்சேவாடியிலிருந்து ஒரு பையன் பேசினான். சாப்ட்வேர் வேலை, சொந்த ஊர் சென்னை, இன்னும் மூன்று பேரோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறான். புரட்டாசி முடிகிற வரை சைவம்தான் என்று அம்மா போனில் சத்தியம் வாங்கிவிட்டாராம். கம்பெனி வண்டி டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு சேரும்போது சமைக்கத் தெம்பு இருக்காது. அதனால் காலையில் சிக்கன் மாதிரி, ராத்திரி மட்டன் மாதிரி என்று எங்கள் பாக்கெட்டையே வாணலியில் புரட்டிப் போட்டு, பிரெட்டோடு சாப்பிட்டிருக்கிறான். இப்போது எந்நேரமும் தாகம் எடுக்கிறது, வயிறு கல்லாக இருக்கிறது, பாக்கெட்டில் ஏதாவது கோளாறா என்பது அவன் கேள்வி.

பாக்கெட்டில் கோளாறு இல்லை, இதிலே புரதம் இருக்கிறது, ஆனால் உப்பும் இருக்கிறது, தினம் இரண்டு வேளை என்றால் தாகம் எடுக்கத்தான் செய்யும் என்று பக்குவமாகச் சொன்னேன். கூட ஏதாவது காய்கறி சாப்பிடுகிறாயா தம்பி என்றும் கேட்டேன். இது திரையில் இல்லாத கேள்வி. அவன் நிஜமாகவே குழம்பிப்போனான்.

"இதுதானே மேடம் காய்? பாக்கெட்ல பச்சைப் புள்ளி போட்டிருக்கே. அம்மாகிட்டகூட தினமும் ரெண்டு வேளை காய்தான் சாப்பிடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மாமாவின் விதிமுறை

என் மாமனார் பாதுகாப்புத் துறையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சங்கரலிங்கம். சொந்த ஊர் சங்கரன்கோவில். ஆபீசில் எந்தப் பில் வந்தாலும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. எங்கள் பாக்கெட்டில் மட்டும் அவர் முன்பக்கத்தோடு நின்றுவிட்டார். முன்பக்கத்தில் புரதம் அதிகம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கொலஸ்ட்ரால் இல்லை என்று அதைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை, அதாவது என் மாமியார், இன்றைக்கு இதை வதக்க மாட்டேன், கீரை கடைந்திருக்கிறேன் என்று கரண்டியை வைத்துவிட்டார். மாமா கீரையையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் மட்டனைத்தானே நிறுத்தச் சொன்னார், இது மட்டனா, செடியில் விளைந்தது என்று வாதம் பண்ணினார். அப்பளத்தையும் ஊறுகாயையும் இலைக்கு வெளியே தள்ளினால் சரியாகிவிடும் என்றார். தள்ளவில்லை என்பது வேறு விஷயம். என் வீட்டுக்காரர் வழக்கம்போல மோர் வாங்கிவருவதாகக் கிளம்பிவிட்டார்.

நான் பொறுக்க முடியாமல், மாமா, இதிலே உப்பு அதிகம், உங்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்றேன். கம்பெனி அப்படிச் சொல்லவில்லையே என்றார். நான்தான் கம்பெனி, கம்பெனிக்காக தினமும் நான்தானே பதில் சொல்கிறேன் என்றேன். அவருக்கு அது ஏற்புடையதாக இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் இருந்தவருக்கு, யார் சொன்னது என்பதைவிட எந்த நாற்காலியில் இருந்து சொன்னது என்பதுதான் பெரிசு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"வீட்ல நீ மருமக. மருமக சொன்னா அது அக்கறை. கம்பெனி சொன்னாத்தான் அது பதில்."

சுனந்தாவின் டப்பா

எங்கள் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் சுனந்தா என்று ஒரு மராத்திக்காரி இருக்கிறாள். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டு எடுத்து மென்று பார்ப்பது, பிய்த்துப் பார்ப்பது, உப்பு அளப்பது எல்லாம் அவள் வேலை. மதியம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். அவளுடைய டப்பாவில் நான் ஒரு நாளும் எங்கள் சரக்கைப் பார்த்ததில்லை. பாக்ரி என்கிற சோள ரொட்டி, முளைகட்டின பயறை மசாலாவோடு வதக்கிய உசல், வெங்காயம். மறுநாளும் அதுதான்.

மாமா விஷயத்தை அவளிடம் கொட்டினேன். ஏன் இவ்வளவு உப்புப் போடுகிறீர்கள், பாதியாகக் குறைத்தால் என்ன என்று சண்டைக்கே போனேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உப்பும் மசாலாவும் இல்லாமல் ஒரு துண்டு எடுத்துவந்து கொடுத்தாள். மென்றேன். நனைந்த அட்டையை மெல்லுவது போல இருந்தது. இதை யார் இரண்டாவது தடவை வாங்குவார்கள் என்று கேட்டாள். குறைக்கத்தான் பார்க்கிறோம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடியும் என்றும் சொன்னாள்.

அப்படியானால் இது கெட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் மட்டன் சாப்பிட்டவராம். இப்போது ஒரு ஞாயிறு மட்டன், ஒரு ஞாயிறு இது. அவளுக்கு அதில் பரம திருப்தி. டப்பாவை மூடிக்கொண்டே இந்தியில் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"கறியோட பக்கத்துல வெச்சுப் பார்த்தா இது நல்ல பிள்ளை. பயறோட பக்கத்துல வெச்சுப் பார்க்காதே."

போர்டில் எழுதலாமா

ஏரவாடாவில் சாயங்காலம் தள்ளுவண்டி போடுகிற குமார் என்பவர் எனக்கு அடிக்கடி போன் பண்ணுவார். அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழில் ஆரம்பித்து, இந்தியில் பேரம் பேசி, மராத்தியில் முடிப்பார். எங்கள் சிக்கன் மாதிரியை வாங்கி, சிவப்பு மசாலாவில் புரட்டிப் பொரித்து, வெஜ் சிக்ஸ்டிஃபைவ் என்று விற்கிறார். தந்தா, அதாவது வியாபாரம், மஸ்தாகப் போவதாகச் சொன்னார். அவருக்கு என்னிடம் ஓர் அனுமதி வேண்டியிருந்தது. வண்டி போர்டில், உடம்புக்கு நல்லது, கொலஸ்ட்ரால் இல்லை என்று எழுதலாமா?

இதற்குத் திரையில் பதில் இல்லை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரரோடு ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனேன். கூட்டம் தாங்கவில்லை. வாணலியில் எண்ணெய் இருந்தது. எத்தனை நாள் எண்ணெய் என்று நான் கேட்கவில்லை, அதன் நிறமே சொல்லிவிட்டது. எங்கள் துண்டு ஆலையில் லேசாகப் பொரித்தபோதே ஒரு முறை எண்ணெய் குடித்தது, இங்கே வந்து இன்னொரு முறை குடிக்கிறது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், வாசனை மூக்கைத் துளைத்தது. வீட்டுக்காரர் இரண்டு பிளேட் சாப்பிட்டார். நானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டுதான் போர்டைப் பற்றிப் பேச்சை எடுத்தேன்.

உடம்புக்கு நல்லது என்பதை எழுதாதீர்கள், சைவம் என்று மட்டும் எழுதுங்கள், எண்ணெயை அடிக்கடி மாற்றுங்கள் என்றேன். குமார் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த நியாய உணர்வோடு கேட்டார்:

"உங்க பாக்கெட்டுல இருந்து கொலஸ்ட்ரால் வந்தா உங்ககிட்ட கேக்கலாம். எண்ணெயில இருந்து வந்தா அது எண்ணெய்க் கம்பெனிக்காரன் பாக்கவேண்டிய விஷயம்தானே அக்கா?"

சண்டை நின்றது

வருகிற போனெல்லாம் புகார்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சிஞ்ச்வடில் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர். அவருடைய மகள் ஒன்பதாவது படிக்கிறாள். திடீரென்று ஒரு நாள், இனிமேல் எந்த உயிரையும் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். முட்டையும் கிடையாது. பருப்பும் பிடிக்காது. சாப்பாட்டு மேஜையில் தினம் போர். போனை முதலில் வாங்கியது அந்தப் பெண்தான். புனேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒவ்வொரு தமிழ் வார்த்தையையும் பொறுக்கி எடுத்துப் பேசியது. ஆன்ட்டி, இதுல எவ்ளோ புரோட்டீன், அம்மாக்கு நீங்களே சொல்லுங்க ப்ளீஸ் என்றது.

சொன்னேன். கூடவே சுனந்தாவின் புண்ணியத்தில், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இது இருக்கட்டும், மற்ற நாளில் கொண்டைக்கடலை, பனீர், பயறு என்று மாற்றிக் கொடுங்கள், முட்டையும் இல்லை என்பதால் ரத்தம் சோதித்துப் பார்க்கும்போது பி-12 என்ற வைட்டமினையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டார். குறை ஒன்றும் இல்லை, சும்மா சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். எங்கள் வேலையில் சும்மா சொல்லக் கூப்பிடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"பொண்ணு இப்போ கொண்டைக்கடலைகூட சாப்பிடறாம்மா. உங்க பாக்கெட்டுல என்ன சத்து இருக்கோ தெரியாது, எங்க வீட்ல சண்டை நின்னுச்சு. என்னைக் கேட்டா அதுவே பெரிய ஆரோக்கியம்."

ஆபீஸ் பதில்

மாமாவுக்கு மறுபடியும் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் நெருங்கியது. இந்தத் தடவையும் பி.பி. இறங்காவிட்டால் மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும், சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் போன முறையே சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மாமா மட்டும் ஃபிரீசரைத் திறந்து எத்தனை பாக்கெட் மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு நாள் முற்பகலில் என் லைன் அடித்தது. வழக்கமான வணக்கத்தைச் சொன்னேன். மறுமுனையில் குக்கர் சத்தம். அந்தக் குக்கரை எனக்குத் தெரியும். விசில் வருவதற்கு முன் அது இரண்டு முறை இருமும். அதற்குப் பிறகு வந்த குரல், என்னை ஜென்மத்தில் பார்த்தே இராத ஒருவரின் குரலாக இருந்தது. வணக்கம், என் பெயர் வள்ளியம்மாள், கிர்க்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் சோயா மட்டன் பற்றி ஒரு விவரம் வேண்டும் என்றார். என் அத்தை. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்பது சத்தத்தின் எதிரொலியிலேயே தெரிந்தது. பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலையும் எனக்குத் தெரியும்.

ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கம்பெனி சொன்னால்தான் பதில் என்றாரே, அத்தை நேராகக் கம்பெனியையே கூப்பிட்டுவிட்டார். வரிசையாக நம்பரை அழுத்தி, தமிழுக்கு ஐந்தையும் அழுத்தி, காத்திருப்புப் பாட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டு வந்திருக்கிறார். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொல்லுங்கள் அம்மா என்றேன்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு பி.பி. இருக்கு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. உங்க பாக்கெட்ட வாரத்துல பாதி நாள் சாப்பிடுதாக. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்காக. நீங்க சொல்லுங்க, இது அவுகளுக்கு நல்லதா?"

திரையில் அந்தப் பழைய பதில் பளிச்சென்று நின்றது. அதை அப்படியே வாசித்தால் மாமா ஜெயித்துவிடுவார். சமச்சீர் உணவின் ஒரு பகுதி என்று கம்பெனியே சொல்லிவிட்டது என்று ஃபிரீசரைத் திறந்துவிடுவார். டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும் என்ற கடைசி வரி அவர் காதில் ஏறவே ஏறாது. எதிர் மேஜையில் சூப்பர்வைசர் மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார். என் லைனைத்தான் கேட்கிறார் என்று பச்சை விளக்கு காட்டியது. திரையின் அடிப்பகுதியில், தேவைப்பட்டால் வாடிக்கையாளரைப் பின்பக்கத்து அட்டவணையைப் பார்க்கச் சொல்லவும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா, பாக்கெட்டைத் திருப்புங்கள், சோடியம் என்று ஒரு வரி இருக்கும், அதை வாசிக்க முடியுமா என்றேன். அத்தை, எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தார். காகிதம் சரசரத்தது. கண்ணாடி உறை திறக்கிற சத்தம். மாமா வாசித்தார். அது நூறு கிராமுக்கான கணக்கு, உங்கள் வீட்டுக்காரர் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார் என்று கேட்டேன். முழுப் பாக்கெட் என்றார் அத்தை, சற்றும் தயங்காமல். பாக்கெட்டின் எடை என்ன என்று கேட்டேன். அதற்கப்புறம் நான் பேச வேண்டியிருக்கவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர் அல்லவா. வாய்க்குள்ளேயே பெருக்கினார். டாக்டர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சொல்லியிருந்த அளவு அவருக்கு மனப்பாடம். அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு பாக்கெட்டிலேயே போய்விட்டது. இன்னும் ரசம் வரவில்லை, அப்பளம் வரவில்லை, ஊறுகாய் வரவில்லை. மறுபடி ஒரு தடவை பெருக்கிப் பார்த்தார். விடை மாறவில்லை.

குக்கர் இருமிவிட்டு விசில் அடித்தது. பிறகு மாமாவின் குரல் ரிசீவருக்குப் பக்கத்தில் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை மேடம் என்று கூப்பிட்டார். இந்தப் பேச்சு ரெக்கார்ட் ஆகிறதா என்று கேட்டார். ஆகிறது சார் என்றேன். நானும் அவரை முதல் தடவையாகத்தான் சார் என்றேன். அப்படியானால் இவர் எவ்வளவு சாப்பிடலாம் என்று, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி விசாரிப்பது போல விசாரித்தார். தினத்துக்கு வேண்டாம் சார், டாக்டர் சரி என்றால் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று துண்டு, அன்றைக்கு ஊறுகாய் கிடையாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மேடம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் மேஜைக்கு வந்தார். சோடியம், பி.பி., ஸ்டென்ட் என்ற வார்த்தைகள் எந்த மொழியிலும் அதேதான். நானே முந்திக்கொண்டு, அட்டவணையைப் படிக்கச் சொன்னேன் மேடம் என்றேன். கஷ்டமான கஸ்டமரா என்று கேட்டார். ரொம்பக் கஷ்டமானவர் என்றேன். என் தோளைத் தட்டி, குரலுக்கு முழு மார்க் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் யாரும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அத்தை அடுப்படியில் கொண்டைக்கடலை தாளித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து லேசாகத் தலையை மட்டும் ஆட்டினார். மாமா தட்டில் வாங்கிக்கொண்டு, உப்பு கேட்காமல், முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டார். ஊறுகாய் பாட்டில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிருந்தது. எனக்கு உட்கார்ந்து அழலாம் போல இருந்தது, சந்தோஷத்தில்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தபடி மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா கோமதி, இன்னைக்கு உங்க ஆபீசுக்கு ஒரு போன் போட்டோம். ஒரு பொண்ணு எடுத்துச்சு. நல்லா விவரமா, மரியாதையாப் பேசுது. மேல உள்ளவங்ககிட்டச் சொல்லி அந்தப் பொண்ணுக்கு ஏதாவது செய்யச் சொல்லு."

பின்பக்கத்து நம்பரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதற்கு மேலே இருக்கிற அட்டவணையை எல்லோரும் படிக்க ஆரம்பித்துவிட்டால் என் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் இதையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.